முறுக்கு அச்சுக்கு டிராயிங் போட்டுக் கொடுத்த மாடிக்கடை, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கும்போது எங்கள் முறுக்கு மெஷினின் அச்சுத் தட்டு விரிசல் விட்டது. முள்ளு முறுக்கு பிழிகிற தட்டு, மூன்று நட்சத்திர ஓட்டை, ஓர் ஓட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மயிரிழை மாதிரி ஒரு கோடு. மாவுதான் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. மெஷின் தெலுக் இந்தானில் ஒரு குடும்பத்திடமிருந்து கைமாறி வாங்கியது, அவர்கள் பல வருடத்துக்கு முன்பு இந்தியாவிலிருந்து இறக்கியது, அந்த மாடலுக்கு இப்போது உதிரிச் சாமான் கிடையாது. ஆகவே நாமே செய்து வாங்க வேண்டும். முதல் தடவை அதில் 380 வெள்ளி (ரிங்கிட்) போனது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு தாள், அந்தத் தாளைப் போட்டுக் கொடுத்த கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை நடந்ததைச் சொன்னால்தான் இந்தக் கடை செய்தது புரியும். பிள்ளையின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் கிழித்து, தட்டை வைத்துச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, ஸ்கேலால் அளந்து 90 என்று எழுதினேன். கனம் 8. மூன்று நட்சத்திரம் வரைந்தேன், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு தூரம் என்று குறித்தேன். கீழே "ஸ்டெயின்லெஸ்" என்று ஒரு சொல். கூடவே மாவை வெட்டுகிற கத்தியைத் தாங்கும் எல் வடிவத் துண்டும் தேய்ந்து போயிருந்ததால், மெஷினோடு வந்த இந்தியப் புத்தகத்தில் இருந்த அதன் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தேன். போனில் படம் பிடித்து வேறு ஊரில் இருக்கும் ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். பத்து நாளில் சாமான் வந்தது, பளபளவென்று. தட்டு மெஷினுக்குள் நுழையவில்லை. அரம் போட்டுத் தேய்த்து உள்ளே தள்ளினோம், அன்று மாலை கழற்றக் கட்டையால் தட்ட வேண்டியிருந்தது. கத்தித் தாங்கி இடக்கைச் சாமான் வேண்டும், வலக்கைச் சாமான் வந்திருந்தது. மூன்றாம் வாரம் தட்டில் பழுப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. பட்டறையில் கேட்டால், நீங்கள் அனுப்பின படத்தில் இருக்கிறபடிதான் செய்திருக்கிறோம் என்றார்கள். கோபம் வந்தது, ஆனால் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோது அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்றுதான் தோன்றியது. நான் சொல்லாததை அவர்கள் ஊகித்தார்கள். ஊகிப்பதற்குப் பதிலாக ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் என்பது இன்றைக்கும் என் மனத்தாங்கல்.

அதற்கு அப்புறம்தான் மாமியாரின் தம்பி இந்த இடத்தைச் சொன்னார். கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில். பெயர்ப்பலகை கிடையாது, கதவில் டிராயிங் போடப்படும், அளவு எடுக்கப்படும் என்று தமிழிலும் மலாயிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இரண்டு பேர்தான். ஒரு பெரியவர், முப்பது வருடத்துக்கு மேல் செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலை பார்த்தவர். அப்புறம் அவர் மகள், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். அப்பா அளக்கிறார், மகள் கம்ப்யூட்டரில் வரைகிறார். அவ்வளவுதான் கடை. சாமானை இவர்கள் செய்வதில்லை, டிராயிங் மட்டும். டிராயிங்குக்கு மட்டும் காசு கொடுக்க வேண்டுமா என்றுதான் எனக்கும் முதலில் இருந்தது.

உடைந்த தட்டை மட்டும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு போனேன். ஐயா அதை வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது எதுக்குள்ள உட்காருதும்மா?" என்றார். மெஷினின் குழாய்க்குள் என்றேன். "அப்ப குழாயைக் கொண்டா." போய்விட்டுக் குழாயைக் கழற்றி, பிடித்து நிறுத்துகிற வளையம், கத்தித் தாங்கி, போல்ட் எல்லாவற்றையும் மறுநாள் கொண்டுபோனேன். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே முக்கால் மணி நேரம் ஆனது. மாவு எந்தப் பக்கம் நுழைகிறது, எந்தப் பக்கம் வெளியே வருகிறது, தினமும் கழற்றிக் கழுவுவீர்களா அல்லது வாரம் ஒரு தடவையா, கழற்றும்போது கையில் மாவும் எண்ணெயும் இருக்குமா, எதை மாற்றினால் பரவாயில்லை, எது மாறினால் முறுக்கு கெட்டுப்போகும். கடைசிக் கேள்வியை நான் அதுவரை யோசித்ததே இல்லை. நட்சத்திரத்தின் முள்ளு மழுங்கினால் எங்கள் முறுக்கு எங்கள் முறுக்கு இல்லை, மற்றது எதுவும் பெரிதில்லை என்றேன். தலையாட்டிவிட்டு அதை முதலில் எழுதிக்கொண்டார்.

அளந்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெர்னியர் என்கிற நுண்ணளவுக் கருவியைக் குழாயின் வாய்க்குள் விட்டு ஓர் இடத்தில் அளந்தார், அப்புறம் குழாயைக் கொஞ்சம் திருப்பி இன்னோர் இடத்தில், மறுபடியும் திருப்பி மூன்றாவது இடத்தில். 90.05, 90.10, 90.18. வட்டம் என்று நான் நினைத்தது தேய்ந்து லேசாக முட்டை வடிவமாகியிருந்தது. பழைய தட்டை அளந்தபோது விளிம்பு ஒரு பக்கம் 89.4, மறுபக்கம் 89.7. "தேஞ்சதை அளந்து எழுதினா தேஞ்ச சாமான்தான் திரும்ப வரும்" என்று சொல்லி, தேயாத இடம் எது என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேடினார். வளையம் அழுத்துகிற ஓரத்துக்கு அடியில் நிலாப்பிறை அளவுக்கு ஒரு பகுதி புதுசு மாதிரியே இருந்தது, அங்கே 89.8. அந்த ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். முதல் தடவை நான் ஸ்கேலை வைத்து ஒரே நொடியில் 90 என்று எழுதியது ஞாபகம் வந்தது.

90 என்று மட்டும் எழுதுவதில் என்ன கோளாறு என்பதை மகள் விளக்கினார். எந்தச் சாமானும் எழுதின எண்ணுக்கு மிகச்சரியாக வராது, கொஞ்சம் கூடும் அல்லது குறையும், எவ்வளவு கூடலாம் எவ்வளவு குறையலாம் என்று டிராயிங்தான் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்லாத அளவுகளுக்கெல்லாம் பொதுவாக ஐஎஸ்ஓ 2768 என்று ஒரு தரத்தைக் குறிப்பிடுவார்களாம். அதில் நடுத்தர வகுப்பில் 6க்கு மேல் 30 மில்லிமீட்டர் வரை உள்ள அளவுக்கு ±0.2, 30க்கு மேல் 120 வரை ±0.3. அதாவது அந்தக் கணக்கில் 90 என்று எழுதின தட்டு 90.3 வந்தாலும் பட்டறைக்காரர் செய்தது சரிதான், ஆனால் என் குழாயின் குறுகலான இடமோ 90.05. அதனால் வெளிவட்டத்துக்கு மட்டும் தனியாக 89.8, கூடினால் பூஜ்யம், குறைந்தால் 0.1 என்று போட்டார்கள். இடைவெளியில் மாவு கசியாதா என்று கேட்டேன். வளையம் இறுக்குவது தட்டின் முகத்தில், விளிம்பில் இல்லை, அதனால் கசியாது என்றார் ஐயா. கசியவும் இல்லை.

அப்படியானால் எல்லா அளவுக்கும் 0.01 என்று இறுக்கிப் போட்டுவிட்டால் நல்லதுதானே என்று அப்பாவித்தனமாகக் கேட்டேன். வேண்டாம் அக்கா, விலை ஏறிவிடும் என்றார் மகள். லேத் என்கிற கடைசல் மெஷினில் ஒரே ஓட்டத்தில் முடிகிற வேலை கிரைண்டிங்குக்குப் போகும், ஒவ்வோர் அளவையும் மைக்ரோமீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும், அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் பில் வரும். என் தட்டில் இறுக்கமான அளவு மொத்தம் மூன்றே மூன்று, வெளிவட்டம், கனம், நட்சத்திரம். மற்றதெல்லாம் பொதுக் கணக்கு. வேண்டிய இடத்தில் கறாராகவும் வேண்டாத இடத்தில் தாராளமாகவும் இருப்பதுதான் எனக்கு இந்தக் கடையில் ரொம்பப் பிடித்தது.

டிராயிங்கைப் பற்றிச் சொல்கிறேன். ஏ3 தாள். இடப்பக்கம் தட்டை நேராகப் பார்க்கிற படம், நடுமையத்தில் புள்ளியும் கோடுமாக மெல்லிய மையக்கோடுகள், மூன்று நட்சத்திரமும் 45 மில்லிமீட்டர் வட்டத்தில் 120 பாகைக்கு ஒன்றாக. நான் ஓட்டைக்கு ஓட்டை தூரம் குறித்திருந்தேன், இவர்கள் மையத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள், லேத்காரருக்கும் மையம்தான் வேண்டும். வலப்பக்கம் தட்டைக் கத்தியால் நடுவே வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அந்தப் படம், வெட்டுப்பட்ட இடத்தில் சாய்ந்த கோடுகள். இந்த வெட்டுப்படம் என் நோட்டுப் பக்கத்தில் இல்லவே இல்லை. அதனால்தான் பழைய தட்டில் மாவு நுழையும் பக்கம் புனல் மாதிரி அகலமாக இருந்தது முதல் பட்டறைக்குத் தெரியாமல் போய், நேர் ஓட்டையாகப் போட்டுவிட்டார்கள், மாவு அடைத்துக்கொண்டு மோட்டார் முனகியது. புதுப் படத்தில் புனலின் ஆழம், சாய்வு எல்லாம் இருக்கிறது, மாவு நுழையும் பக்கம் இது என்று அம்புக்குறி போட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது.

கீழே ஒரு நட்சத்திரம் மட்டும் ஐந்து மடங்கு பெரிதாக. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுதுவேன், ஏனென்றால் முறுக்கே இதில்தான் இருக்கிறது. பட்டறை டிராயிங்குகளில் கூர்முனை எல்லாவற்றையும் மழுக்கவும் என்று ஒரு பொதுக் குறிப்பு வழக்கமாகப் போடுவார்கள், கையைக் கிழிக்காமல் இருக்க. அந்தக் குறிப்பை அப்படியே விட்டால் நட்சத்திரத்தின் வெளிவாயையும் அரம் போட்டு மழுக்கிவிடுவார்கள், முள்ளு போய்விடும். அதனால் வெளிவிளிம்புக்கு மட்டும் 0.5 மில்லிமீட்டர் 45 பாகை என்று போட்டு, நட்சத்திரத்தின் வெளிவாய்க்கு, பிசிர் மட்டும் எடுக்கவும், மழுக்கக் கூடாது என்று தனியாக எழுதினார்கள். உட்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும், ஆர்ஏ 0.8 (சொரசொரப்பைச் சொல்கிற எண், குறையக் குறைய வழவழப்பு). மற்ற முகங்களுக்கு 3.2 போதும், அது லேத்தில் சாதாரணமாகக் கிடைப்பது. நட்சத்திரத்தை, மின்பொறி விடும் மெல்லிய கம்பியால் அறுக்கிற ஒயர் கட் மெஷினில்தான் வெட்டுவார்கள், அந்தக் கம்பி பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர் தடிமன், ஆகவே உள்மூலை எவ்வளவு முயன்றாலும் ஊசிமுனையாக வராது, கம்பியின் பாதித் தடிமனுக்குக் கொஞ்சம் மேலான வளைவு இருந்தே தீரும். அதையும் மறைக்காமல் உள்மூலை வளைவு 0.2க்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். செய்ய முடியாததைக் கேட்காமல், செய்ய முடிந்ததில் எது எனக்கு வேண்டுமோ அதைக் கேட்கிற படம்.

கத்தித் தாங்கி ஏன் கை மாறி வந்தது என்பதற்கும் இங்கேதான் விடை கிடைத்தது. ஒரு பொருளை முன்னாலிருந்து பார்க்கிற படத்துக்குப் பக்கத்தில் பக்கவாட்டுப் படத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. முதல் கோண முறையில் இடப்புறமிருந்து பார்த்ததை வலப்பக்கம் வரைவார்கள், மூன்றாம் கோண முறையில் வலப்புறமிருந்து பார்த்ததை வலப்பக்கமே வரைவார்கள். இந்தியாவில் முதல் கோணம், பழைய பிரிட்டிஷ் படங்களும் அப்படித்தான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்றாம் கோணம். நம் நாட்டில் எல்லா நாட்டுக் கம்பெனிகளும் இருப்பதால் இரண்டும் புழங்குகிறது. எது என்று சொல்ல ஒரு சின்னக் குறி இருக்கிறது, நுனி வெட்டிய கூம்பும் பக்கத்தில் இரண்டு வட்டமும். புத்தகத்திலிருந்து படத்தை வரைந்த நான் அந்தக் குறியை ஏதோ முத்திரை என்று விட்டுவிட்டேன். பட்டறையில் மூன்றாம் கோணமாகப் படித்திருக்கிறார்கள், கண்ணாடியில் பார்த்த மாதிரி சாமான் வந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு குறி. மகள் புதுப் படத்தில் குறியையும் போட்டு, கூடவே சாய்வாகப் பார்க்கிற முப்பரிமாணப் படம் ஒன்றையும் மூலையில் வைத்தார். குறியைக் கவனிக்காதவர்கூட அதைப் பார்த்தால் தப்பு செய்ய முடியாது.

ஸ்டெயின்லெஸ் விஷயம். நான் எழுதின ஒற்றைச் சொல்லுக்குள் பல வகை இருக்கிறது. 304 என்பதில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 201 என்பதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், விலை மலிவு, உப்பு பட்டால் சீக்கிரம் புள்ளி விழும். முறுக்கு மாவில் உப்பு இல்லாமலா? முதல் தட்டு எது என்று சோதித்துப் பார்க்கவில்லை, ஆகவே பழி போட மாட்டேன். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டெயின்லெஸ்தான் என்று நான் நம்பியிருந்தேன். 201லும் காந்தம் ஒட்டாது என்று ஐயா சொன்னார். புதுப் படத்தில் பொருள் என்ற கட்டத்தில் 304 என்றும், பொருளுக்கான சான்றிதழ் நகல் தேவை என்றும் எழுதியிருந்தது. அந்த ஒரு வரி இருந்ததால் விலை கேட்ட பட்டறைகள் எல்லாமே பொருளின் விலையைத் தனியாகப் பிரித்துக் காட்டின.

போல்ட் கதை ஒன்று இருக்கிறது. எங்கள் மெஷின் நிற்கிற கால், முந்தைய சொந்தக்காரர் ஒரு பழைய ரப்பர் ஷீட் உருட்டுகிற மெஷினின் காலை வெட்டி ஒட்டவைத்தது. அதில் குழாயைப் பிடிக்கிற அரை இஞ்சி போல்ட் ஒன்று எப்போதும் தொல்லை, ஹார்ட்வேர் கடையில் வாங்குகிற அரை இஞ்சி போல்ட் இரண்டு சுற்று போகும், அப்புறம் சிக்கிக்கொள்ளும். ஐயா பல் பல்லாக இருக்கும் ஒரு தகட்டுக் கொத்தை எடுத்து மரையின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார், வெளிச்சம் தெரியாமல் ஒன்று உட்கார்ந்தது. விட்வொர்த், இஞ்சிக்கு 12 மரை, 55 பாகை. கடையில் கிடைத்தது அமெரிக்க மரை, இஞ்சிக்கு 13, 60 பாகை. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841இல் முன்வைத்த மரை அது, வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்கும் ஈய லம்பத்துக்கும் (சுரங்கத்துக்கும்) வந்த மெஷின்களில் அதுதான் இருக்கும், கிந்தா பள்ளத்தாக்கின் பழைய பட்டறைகளுக்கு நன்றாகப் பழக்கம். படத்தில் அரை இஞ்சி போல்ட் என்று மட்டும் எழுதினால் இன்றைக்கு யாரும் விட்வொர்த்தைக் கொடுக்கப்போவதில்லை. மரையின் பெயரை முழுசாக எழுத வேண்டும். இத்தனை வருடம் அந்த போல்ட்டோடு மல்லுக்கட்டியதற்குக் காரணம் ஒரே ஒரு மரை வித்தியாசம் என்று தெரிந்தபோது அந்த இடத்திலேயே இன்னும் இரண்டு போல்ட்டுக்கு டிராயிங் போடச் சொன்னேன்.

எண்ணெய் வடிகிற தட்டத்துக்கும் படம் போட்டோம், 1.5 மில்லிமீட்டர் தகடு, லேசரில் வெட்டி நான்கு பக்கமும் மடிப்பது. அதில் எனக்குப் புரிந்தது இரண்டு. 300 என்றால் உள்ளளவா வெளியளவா என்று சொல்லியே ஆக வேண்டும், இரண்டு பக்கத் தகட்டின் கனமும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் மாறிவிடும், அடுப்புச் சட்டத்துக்குள் உட்காராது. இன்னொன்று, ஓரத்தில் வரிசையாக ஐந்து ஓட்டை, ஒன்றிலிருந்து அடுத்தது 60 என்று சங்கிலி மாதிரி எழுதியிருந்தேன். ஒவ்வொன்றிலும் 0.3 தப்பினால் நான்கு இடைவெளி தாண்டிக் கடைசி ஓட்டையில் 1.2 தப்பும். முதல் ஓட்டையிலிருந்தே 60, 120, 180, 240 என்று எழுதினால் கடைசி ஓட்டை அதே தரப்படி 0.5க்குள் நிற்கும். அதே எண்கள்தான், எழுதுகிற விதம் மாறினால் சாமான் மாறுகிறது. மடிப்பு ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் ஓட்டை வைத்தால் மடிக்கும்போது ஓட்டை இழுபட்டு முட்டையாகும் என்பதால் இரண்டு ஓட்டைகளை உள்ளே நகர்த்தவும் சொன்னார்கள்.

விலை. தட்டுக்கு 80 வெள்ளி, தாங்கிக்கு 50, தட்டத்துக்கு 70, போல்ட்டுகளுக்குச் சேர்த்து 20. மொத்தம் 220. அச்சடித்த தாள் இரண்டு பிரதி, போனுக்கு பிடிஎஃப், லேசருக்கும் ஒயர் கட்டுக்கும் மெஷினில் ஏற்றுகிற டிஎக்ஸ்எஃப் கோப்பு. அந்த பிடிஎஃபை ஈப்போவிலும் மெங்லெம்புவிலும் மூன்று பட்டறைக்கு அனுப்பினேன். நோட்டுப் பக்கத்தை அனுப்பின காலத்தில் ஒருவர் 180 என்பார், இன்னொருவர் 500 என்பார், எதற்கு இவ்வளவு வித்தியாசம் என்று புரியாது. இந்தத் தடவை ஒரு தட்டுக்கு 260, 275, 290. எல்லாரும் ஒரே சாமானைத்தான் விலை பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவர்கூடத் திருப்பிப் போன் போட்டுச் சந்தேகம் கேட்கவில்லை. நடுவில் உள்ளவரிடம் கொடுத்தேன், பன்னிரண்டு நாளில் வந்தது, தட்டு கையாலேயே உள்ளே போய் கையாலேயே வெளியே வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. மூன்று நாள் என்றார்கள், எட்டு நாள் ஆனது. நடுவில் போன் போட்டால் ஐயா எடுப்பதில்லை, மகளுக்குச் செய்தி அனுப்பினால்தான் பதில், அதுவும் இரவில். தீபாவளியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்கு அந்த எட்டு நாள் சுலபமாக இல்லை. விலையை வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லவில்லை, முடிந்ததும்தான் சொன்னார்கள். நியாயமான விலைதான், ஆனாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கார்டு கிடையாது, ரொக்கம் அல்லது கியூஆர். முப்பரிமாணக் கோப்பு தனியாக வேண்டுமென்றால் இன்னும் 30 வெள்ளி.

ஒரு தப்பும் நடந்தது. தட்டு நான்கு வேண்டும் என்று சொல்லியிருந்தேன், உதிரிக்கும் சேர்த்து. படத்தின் வலது கீழ்மூலைக் கட்டத்தில் எண்ணிக்கை 1 என்று இருந்தது. வீட்டில் மேசையில் விரித்து வைத்து ஒவ்வோர் எண்ணாகப் பழைய சாமானோடு வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. சொன்னதும் அன்றிரவே மாற்றி அனுப்பினார்கள், திருத்தம் பி என்று போட்டு, தேதியும் என்ன மாறியது என்பதும் ஒரு வரியில். அதோடு விடாமல், பழைய பிடிஎஃப் எந்தெந்தப் பட்டறைக்குப் போனது என்று கேட்டு, ஒவ்வொருவருக்கும் பழையதை அழித்துவிடுங்கள் என்று மகளே செய்தி அனுப்பினார். தப்பு வந்தது பிடிக்கவில்லை, அதைச் சரிசெய்த விதம் பிடித்தது. யாராக இருந்தாலும் படத்தை வாங்கினவுடன் பட்டறைக்கு அனுப்பாமல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். ஆனால் அச்சடித்த தாளில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், பிரிண்டர் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிடும், எழுதியிருக்கிற எண்தான் அளவு.

வீட்டுக் கேட், ஜன்னல் கிரில், சாமி மேடைக்குக் கம்பி என்றால் இங்கே போக வேண்டியதில்லை, வெல்டிங்காரர் வீட்டுக்கே வந்து அளந்து செய்வார், அவரே கொண்டுவந்து பொருத்துவார். ஒரு சாமான் இன்னொரு சாமானுக்குள் உட்கார வேண்டும், செய்கிறவர் உங்கள் மெஷினைப் பார்க்கப்போவதில்லை என்கிற வேலைக்குத்தான் இந்த 220 வெள்ளி தேவை. நம் ஊர்ப் பக்கம் தோசை மாவு அரைக்கிறவர்கள், மசாலா மில் வைத்திருப்பவர்கள், சின்ன அளவில் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறவர்கள் எத்தனையோ பேர், எல்லாருடைய மெஷினும் பழசு, எல்லாரிடமும் ஒரு நோட்டுப் பக்கம் இருக்கும். என் மாதிரி காசை விட வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

போகிறவர்கள் உடைந்த துண்டோடு அது உட்காருகிற சாமானையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், கழுவித் துடைத்து, ஏனென்றால் காய்ந்த மாவின் மேல் வெர்னியர் பொய் சொல்லும். மெஷின் ஓடுவதை ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் அரை மணி நேரப் பேச்சு மிச்சம். ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமை மத்தியானம் வரை. வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், குழாய் மாதிரி கனமான சாமான் என்றால் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள், படி செங்குத்து, மாடிப்படி விளக்கு எரிவதில்லை.